முட்டை ஓட்டுப் பனிமனிதர்கள்

ஆரணி ஏரிக்கரை காலனி அங்கன்வாடியில் சூர்யகலா வேலைக்குச் சேர்ந்தபோது முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். பாய் போதாமல், சாக்குகளைத் துவைத்து விரித்து உட்கார வைத்தாள். இருபத்து மூன்று வருஷம் கழித்து, இந்தக் கார்த்திகையில், பதிவேட்டில் பதினோரு பெயர்தான் இருந்தது. அதிலும் வந்துகொண்டிருந்தது ஏழு பேர். ஏழு பேரும் உட்கார்ந்த பிறகும் ஒரு பாயில் பாதி காலியாகக் கிடந்தது.

பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. காலை எட்டரை மணிக்குக் காலனி முனையில் ஒரு மஞ்சள் வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கும். டையும் ஷூவும் போட்ட பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள். அவர்களில் பாதிப் பேர் சூர்யகலாவிடம் எடை பார்த்துக்கொண்டவர்கள், அவள் பிசைந்து உருட்டிக் கொடுத்த சத்துமாவைத் தின்றவர்கள். வேன் ஜன்னலிலிருந்து "குட் மார்னிங் டீச்சர்" என்று கத்துவார்கள். அவளும் சிரித்துக் கை காட்டிவிட்டுப் பூட்டைத் திறக்கப் போவாள்.

மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் எழிலரசி வந்தார். சூர்யகலாவைவிடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் அல்ல. பதிவேட்டைப் புரட்டினார், பாயைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"மேலேருந்து லிஸ்ட் கேட்டிருக்காங்க சூர்யகலா. பிள்ளைங்க கம்மியா இருக்கிற சென்டரையெல்லாம் பக்கத்து சென்டரோட சேர்க்கப் போறாங்களாம். உங்களோடது பைபாஸுக்கு அந்தாண்ட இருக்கிறதோட சேரும்."

"பைபாஸ தாண்டி இத்தினிக்கூண்டு பிள்ளைங்க எப்படிங்க மேடம் போவும்? களம்பூர் நெல்லு லாரி எப்படிப் பறந்துகினு வருதுன்னு நீங்களே பாக்கறீங்க."

"நான் பாக்கறேன். மேல இருக்கிறவங்க நம்பரத்தான பாப்பாங்க. ஜனவரில வந்து தலைய எண்ணுவாங்க. அதுக்குள்ள ஒரு பதினஞ்சு பிள்ளையாவது பாய்ல உக்காந்திருக்கணும். ஏதாச்சும் பண்ணுங்க. உங்களுக்குத் தெரியாததா."

அவர் போன பிறகு சூர்யகலா வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில், ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவள். அந்தத் தெருவில் பன்னிரண்டாவது தேறிய முதல் பெண். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள், இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அடுத்த வருஷம் வருவதற்குள் களம்பூர் அரிசி ஆலையில் மிஷின் ஓட்டும் ராஜவேலுவுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பெண் பிறந்தாள், சத்யப்ரியா. பிறகு இந்த வேலை. ஆபீசு ஏட்டில் அவள் 'பணியாளர்'. காலனியில் எல்லோருக்கும் 'டீச்சர்'. முதல் முதலாக ஒரு தாய் அவளை அப்படிக் கூப்பிட்ட நாளில் வீட்டுக்கு வந்து ராஜவேலுவிடம் சொன்னாள். "கூப்பிட்டா கூப்பிடட்டுமே" என்றான் அவன்.

மேற்பார்வையாளர் ஆக வேண்டும் என்று ஒரு காலத்தில் அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தாள். இரண்டாம் வருஷப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் ராஜவேலு முதுகின்மேல் நெல் மூட்டை சரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் புத்தகங்களை எடுக்கவே இல்லை. இப்போது ராஜவேலு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறான். சத்யப்ரியா கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ராஜவேலு போனை அவள் பக்கம் நீட்டினான். "இத்தப் பாரு. வேன் ஸ்கூல்காரங்க போட்டிருக்காங்க."

போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் படங்கள். சிவப்புக் குல்லா போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பின்னால் கடையில் வாங்கிய பெரிய மரம், ஜிகினா, பொய்த்தாடி வைத்த ஒருவர். 'அட்மிஷன் ஆரம்பம்' என்று கீழே எழுதியிருந்தது. காலனியில் எந்தப் பெண்ணின் போனைத் திறந்தாலும் ஸ்டேட்டஸில் இதே படம்தான் ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்த சூர்யகலாவுக்கு ஒரு யோசனை வந்தது. இதை நாமும் செய்தால் என்ன? பிள்ளைகள் கையாலேயே செய்யலாம். தாய்மார்களைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

மறுநாள் பிள்ளைகள் தூங்கும் மத்தியான வேளையில் போனில் தேடினாள். வீட்டில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டு சின்னப் பிள்ளைகள் செய்யக்கூடிய சுலபமான கிறிஸ்துமஸ் கைவேலைகள் என்று எத்தனையோ வந்தன. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பளபளவென்ற மேஜையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சமையலுக்கும் ஒத்தாசைக்கும் இருந்த தனகோடி பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயதுதான், பிள்ளைகள் ஆயா என்று கூப்பிட்டால் மட்டும் கோபம் வரும்.

"அது இன்னாக்கா கையில, அட்டைக் குழா மாதிரி?"

"கக்கூசுல தொடைக்கிற பேப்பர் சுத்தி வர்ற குழாயாம். பேப்பர் தீந்துட்டா அது மிஞ்சுமாம்."

தனகோடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்ம காலனில கக்கூசுக்குத் தண்ணி வர்றதே ஒரு நாள் வுட்டு ஒரு நாளு. பேப்பராம், அதுக்கு நடுவுல குழாயாம். எந்த ஊட்லக்கா இதெல்லாம் கெடக்குது?"

"அவங்க வூட்ல கெடக்குது."

"நம்ம ஊட்ல இன்னா கெடக்குதுன்னு பாத்தா போவுது. இதுக்கா பேஜார் ஆவற?"

மறுநாள் காலையில் இருவரும் ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு காலனியைச் சுற்றி வந்தார்கள். காலனியில் பாதி வீடுகளில் தறி. மற்றவர்கள் ஆலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். கல்யாணப் பத்திரிகைகள் ஒவ்வொரு வீட்டிலும் அலமாரி மேல் கத்தையாக இருந்தன. கெட்டிக் காகிதம், தங்க நிறப் பூ வேலை, முழுசாகப் படிக்காமல் போட்டு வைத்தவை. பட்டுப்புடவை வைத்து வரும் அட்டைப்பெட்டிகள் கிடைத்தன. தறி வீடுகளில் நூல் சுற்றி வரும் காகிதக் குழாய்கள் ஒரு மூலை நிறையக் கிடந்தன. "இந்தாக்கா, ஒன் வெள்ளைக்காரி கேட்ட குழா" என்று தனகோடி அவற்றை அள்ளிப் பையில் போட்டாள். உடைந்த வளையல், கிழிந்த தலையணையின் இலவம் பஞ்சு, தீப்பெட்டி, தென்னை ஈர்க்கு, மிஞ்சிய கோலப்பொடி. முட்டை ஓடு அங்கன்வாடியிலேயே கிடைத்தது. முட்டை அவிக்கும் நாட்களில் தனகோடி மேல்பாதியை மட்டும் உடைத்து முட்டையைக் கரண்டியால் தோண்டி எடுத்துவிட்டு, ஓட்டைக் கழுவிக் காயவைத்தாள். மைதா மாவைக் காய்ச்சிப் பசை ஆக்கினாள்.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்ததும் வேலை தொடங்கியது. முதலில் பனிமனிதன். முட்டை ஓட்டின்மேல் பசை தடவி, பஞ்சு ஒட்டி, மிளகு இரண்டைக் கண்ணாக வைக்க வேண்டும். ஆலையில் கூலி வேலை செய்யும் முனியம்மாளின் மகன் மோனிஷ் கையில் ஓட்டை வைத்துக்கொண்டு கேட்டான்.

"டீச்சர், பனி எப்படி மனுசன் ஆவும்?"

"அந்த ஊர்ல ஆவும்டா."

"காலீல லைட்டு போட்டுகினு வண்டி போவுதே, அந்தப் பனியா? அத்தப் புடிக்க முடியாதே."

"அது இல்ல. அவங்க ஊர்ல பனி கெட்டியா, மாவு மாதிரி கொட்டுமாம். அத உருட்டி வெச்சு மனுஷன் பண்ணுவாங்களாம்."

"சத்துமாவா?"

"ம். வெள்ள சத்துமாவு."

அன்றிலிருந்து அது மாவு மனுசன் ஆகிவிட்டது. ஏழு பிள்ளைகளும் ஏழு மாவு மனுசர்கள் செய்தார்கள். ஒன்றுக்கு மூன்று கண். ஒன்றின் தலையில் பாட்டில் மூடி குல்லாவாக ஏறியது. டூவீலர் மெக்கானிக் அருள்ராஜின் மகன் ஸ்டெபின் காலனியின் ஒரே கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. அவன்தான் மற்றவர்களுக்கு மாட்டுக்கொட்டகையைப் பற்றிச் சொன்னான். "யேசப்பா வைக்கோல்ல படுத்துகினு இருப்பாரு. பசங்க ஒதைக்கக் கூடாது." தீப்பெட்டியைத் தொட்டிலாக்கி வைக்கோலுக்குப் பதில் ஈர்க்கு நாரைப் போட்டார்கள்.

தன்ஷிகா என்று ஒரு பெண். மூன்றரை வயது. அப்பா குணா கூலிக்குத் தறி நெய்கிறவன். அம்மா மதிவதனி வீட்டிலேயே ராட்டையில் பட்டு நூல் சுற்றுவாள். தன்ஷிகா அங்கன்வாடிக்கு வந்து ஐந்து மாதம் ஆகியும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பெயரைக் கேட்டால் தரையைப் பார்ப்பாள். 'பேச்சு வரவில்லை, கவனிக்க' என்று சூர்யகலா பதிவேட்டில் எழுதி வைத்திருந்தாள்.

நட்சத்திரம் செய்யும் நாளில் மூன்று ஈர்க்குகளைக் குறுக்காகக் கட்டி எல்லோருக்கும் கொடுத்து, அதன்மேல் தங்கக் காகிதத்தை ஒட்டச் சொன்னாள். தன்ஷிகா காகிதத்தைத் தொடவில்லை. பாவாடை மடிப்பிலிருந்து பட்டுக் கழிவு நூலை ஒரு பந்து எடுத்தாள். ஊதாவும் மாம்பழ மஞ்சளும் கலந்த நூல். நடுவில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஈர்க்கையும் ஒரு சுற்று சுற்றி அடுத்ததற்குப் போனாள். திரும்பத் திரும்பப் போனாள். நூலைத் தளரவும் விடவில்லை, இழுக்கவும் இல்லை. தாய் மடியருகே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கை படித்திருந்தது. முக்கால் மணி நேரத்தில் கண் கூசும்படி ஒரு நட்சத்திரம் அவள் மடியில் இருந்தது. தனகோடி அடுப்பை அணைத்துவிட்டு வந்து குந்திக்கொண்டு பார்த்தாள்.

சூர்யகலா போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டாள். "இது இன்னாம்மா?" என்று மெல்லக் கேட்டாள். பதில் வராது என்று நினைத்துத்தான் கேட்டாள்.

"நட்சத்திரம்" என்றது பிள்ளை. அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டியது. "முடிச்சு பின்னாடி கீது. யாருக்கும் தெரியாது."

அந்த வீடியோ மொத்தம் இருபது விநாடி. அதைக் காலனித் தாய்மார்கள் குழுவில் போட்டாள். மத்தியானத்துக்குள் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் அது ஓடியது. கோட்டை மைதானத்தருகே இருக்கும் பட்டுக்கடைக்காரர் வரை பார்த்துவிட்டார் என்று குணா வந்து சொன்னான். பேசாத பிள்ளை பேசியதைக் கேட்டு அவன் கண் கலங்கியிருந்தது. "நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்" என்றான்.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் பரப்பி வைத்தார்கள். நூல் குழாய்களுக்குப் பச்சைக் காகிதம் சுற்றி அடுக்கிய மரம், அதில் தொங்கிய வளையல்கள், மாவு மனுசர்கள், தீப்பெட்டித் தொட்டில், நடுவில் தன்ஷிகாவின் நட்சத்திரம். தாய்மார்கள் பதினாறு பேர் வந்தார்கள். வேன் பள்ளியில் பிள்ளையை விட்டிருக்கும் இரண்டு பேர்கூட வந்தார்கள். அருள்ராஜ் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்து, தன் கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன பல்பை மரத்தின்மேல் மாட்டிக் கொடுத்தான். "எங்க வூட்டத் தவிர இந்தக் காலனில ஸ்டார் தொங்கி நான் பாத்ததில்லங்க டீச்சர்" என்றான். எல்லோருக்கும் ஆளுக்கொரு கேக் துண்டு அவன் மனைவி கொண்டு வந்திருந்தாள்.

இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த மூன்று பேர், பொங்கல் கழித்துப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். ஒருத்தி தங்கை பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். சூர்யகலா மனதுக்குள் எண்ணினாள். பதிவேட்டில் இருந்து வராமல் இருக்கும் நாலு பேரையும் இழுத்துவிட்டால் பதினைந்து. வீட்டுக்குப் போனதும் ராஜவேலுவிடம் சொன்னாள்.

"பதினஞ்சு வந்துடும் போல கீது."

"வந்தா சரி" என்றான் அவன். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வரும், வரும்" என்றான்.

ஜனவரி இரண்டாம் தேதி காலையில் மதிவதனி வந்தாள். பிள்ளையைக் கொண்டுவரவில்லை. தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா மதி. தன்ஷிகா எங்க? உடம்பு சொகம் இல்லியா?"

"நல்லாதான் கீறா டீச்சர்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அவளோட தடுப்பூசி கார்டு உங்ககிட்ட கீதுல்ல. அது வேணும். ஸ்கூல்ல கேக்கறாங்க."

"எந்த ஸ்கூல்ல?"

மதிவதனி வேன் நிற்கும் பக்கம் பார்த்தாள்.

"மூணரை வயசுதான ஆவுது. ஜூன்ல சேர்த்தா போதாதா? பாதி வருஷத்துல யாராச்சும் சேர்ப்பாங்களா?"

"அவங்களேதான் கூப்புட்டாங்க டீச்சர். அந்த வீடியோ பாத்துட்டு அந்த ஸ்கூல் மிஸ்ஸு அவருக்கு போன் பண்ணாங்க. இப்படிப்பட்ட பிள்ளைய அங்க வுட்டு வெச்சிருக்கீங்களேன்னு கேட்டாங்களாம். இப்பவே வந்தா ஃபீஸ்ல பாதி தள்ளுபடின்னும் சொன்னாங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. எங்களுக்கு இன்னா தெரியும்? அது பேசாத பிள்ள, இங்கியே கொஞ்ச நாள் கெடக்கட்டும்னுதான் இருந்தோம். அது கையில அப்படி ஒண்ணு கீதுன்னு நீங்க காட்டனதுக்கு அப்பறந்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. தெரிஞ்சப்பறம் எப்படிச் சும்மா இருக்கறது?"

சூர்யகலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இங்கே வந்துதான் தன்ஷிகா பேசினாள் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் மதிவதனி, குத்தும் எண்ணம் துளியும் இல்லாமல், கேட்டாள்.

"உங்க சத்யப்ரியா சின்னதுல எங்க டீச்சர் படிச்சுது?"

சத்யப்ரியா மூன்று வயதில் ஆரணி டவுனில் ஒரு இங்கிலீஷ் நர்சரிக்குத்தான் போனாள். காலையில் அவளை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, சூர்யகலா இங்கே வந்து பிறர் பிள்ளைகளுக்கு அணில் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். அதைக் காலனி முழுக்க அறியும். யாரும் அதுவரை வாய்விட்டுக் கேட்டதில்லை.

"இரு, எடுத்தாறேன்" என்று உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தாள். தன்ஷிகாவின் நட்சத்திரத்தையும் ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். மதிவதனி அதை வாங்கிக்கொண்டு, "அது உங்களையேதான் கேக்குது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே இன்னும் இரண்டு பிள்ளைகள் வருவது நின்றது. தன்ஷிகாவைப் போலத் தங்கள் பிள்ளைக்கும் கையில் ஏதோ இருக்கும், இங்கே விட்டால் வீணாய்ப் போகும் என்று தாய்மார்கள் பேசிக்கொண்டதாகத் தனகோடி சொன்னாள். பொங்கல் கழித்து வருவதாகச் சொன்ன மூன்று பேரில் ஒருத்திகூட வரவில்லை. கடைசியில் அருள்ராஜ் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எல்லாப் பசங்களும் போனப்பறம் இவன் மட்டும் அழுவறான் டீச்சர். வூட்லயும் ஒரே நச்சு. எனக்கு மனசே இல்ல."

"போய்ட்டு வாங்க அருள்ராஜ். ஒண்ணியும் இல்ல."

அவன் போன பிறகு தனகோடி வெடித்தாள். "நீ ஏங்கா அந்த வீடியோவ போட்ட? சும்மா இருந்திருந்தா ஏழாச்சும் இருந்திருக்கும்."

சூர்யகலாவும் இரண்டு வாரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளிடம் இருந்ததை எடுத்துக் காட்டினாள். காட்டியதைப் பார்த்தவர்கள், இது இருக்க வேண்டிய இடம் இதுவல்ல என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தன் வேலையைத் தானே நன்றாகச் செய்து கெடுத்துக்கொண்டதைப் போல் இருந்தது.

ஜனவரி கடைசியில் தலையெண்ண வந்தவர்கள் மூன்று பிள்ளைகளைப் பார்த்தார்கள். எழிலரசி ஓரமாக நின்றார். பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து அங்கன்வாடி பைபாஸுக்கு அந்தப்புறம் இருப்பதோடு சேர்ந்தது. தனகோடியை இரும்பேடு பக்கத்து மையத்துக்கு மாற்றினார்கள். தினம் காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும்.

சாமான்களை எடுக்கப் போன அன்று பரண்மேல் வைத்திருந்த அட்டைப்பெட்டியை இறக்கினார்கள். மைதாப் பசைக்கு எலி வந்திருந்தது. காகித நட்சத்திரங்களின் ஓரமெல்லாம் தின்னப்பட்டு, பஞ்சு பிய்ந்து, முட்டை ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. மிளகுக் கண்களை மட்டும் எலி தொடவில்லை. தனகோடி பெட்டியோடு கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டினாள். எடை பார்க்கும் மெஷினையும் இரண்டு பாயையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். பூட்டைப் பூட்டிச் சாவியை எழிலரசியிடம் கொடுத்தபோது சூர்யகலா அழவில்லை. தனகோடிதான் அழுதாள்.

புது இடத்தில் லீலா என்று ஒரு பெண் பணியாளராக இருந்தாள். இருபத்தெட்டு வயது, பட்டதாரி. சுவரெல்லாம் படம் வரைந்து வைத்திருந்தாள். இருபத்திரண்டு பிள்ளைகளை ஒரே குரலில் உட்காரவும் எழுந்திருக்கவும் வைத்தாள். "அக்கா, நீங்க செத்த உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று மரியாதையாகச் சொன்னாள். எடை பார்ப்பதும் அதைப் போனில் ஏற்றுவதும் சூர்யகலாவின் வேலையானது. அங்கே பிள்ளைகள் லீலாவை மிஸ் என்றார்கள். சூர்யகலாவை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் சும்மா இருந்தார்கள்.

காலனியில் மிஞ்சிய மூன்று பேரில் இரண்டு பேரை அவர்கள் வீட்டார் உறவினர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மோனிஷ் மட்டும் இருந்தான். சூர்யகலா முனியம்மாளைத் தேடிப் போனாள்.

"காலீல நானே வந்து இட்டுகினு போறேன் முனியம்மா. சாயங்காலம் நானே கொண்டாந்து வுடறேன்."

"ஒங்களுக்கு ஏன் டீச்சர் செரமம்?"

"எனக்கு இன்னா செரமம். போற வழிதான."

வழி அது இல்லை. தினம் இருபது நிமிஷம் முன்னால் கிளம்பிச் சுற்றிக்கொண்டு வந்தாள். பதினோரு நாள் மோனிஷின் கையைப் பிடித்து பைபாஸைத் தாண்டினாள். நடுத் திட்டில் நிற்கும்போது அவன் லாரிகளை எண்ணுவான். அவனுக்கு ஏழு வரைக்கும் தெரியும். ஏழுக்குப் பிறகு மறுபடி ஒன்று. பன்னிரண்டாம் நாள், அவர்கள் பாதி தூரம் வந்தபோது நெல் லாரி ஒன்று தவறான பக்கமாகத் திரும்பி, டயர் கிறீச்சிட நின்றது. யாருக்கும் அடி இல்லை. மோனிஷின் செருப்பு ஒன்று மட்டும் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் லாரிக்காரனை விட்டுவிட்டு அவளைத் திட்டினார்கள். செய்தி அவளுக்கு முன்னால் காலனிக்குப் போய்ச் சேர்ந்தது.

"வேணாம் டீச்சர்" என்றாள் முனியம்மாள். பிள்ளையைக் கையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "நீங்க நல்லதுக்குதான் பண்றீங்க. ஆனா வேணாம். அது படிக்காட்டியும் போவுது, உசுரோட இருக்கட்டும்."

எழிலரசியும் போன் பண்ணினார். "ஒரு பிள்ளைக்காக ஏன் இந்த ரிஸ்க் சூர்யகலா? ஏதாச்சும் ஆயிருந்தா உங்க வேலையும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும். இனிமே கூட்டினு வராதீங்க. இத நான் சொன்னதாவே வெச்சுக்குங்க."

அவள் நிறுத்திக்கொண்டாள். முனியம்மாள் மகனைக் களம்பூர் ஆலைக்கே தன்னோடு கூட்டிப்போகத் தொடங்கினாள். நெல் காயும் களத்தின் ஓரத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி அதன் நிழலில் உட்கார வைப்பாள்.

மாசி பாதியில், மார்க்கெட் தெருவில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் மதிவதனியைப் பார்த்தாள். கவுண்டரில் மயில் பொம்மை ஒன்றை, பளபளக் காகிதத்தில் ரெடிமேடாக ஒட்டி விற்பதை, பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல்ல கிராஃப்ட் குடுத்திருக்காங்க டீச்சர். பிள்ளைங்க செஞ்சா அசிங்கமா வருதாம், கடையிலியே வாங்கியாரச் சொல்லிட்டாங்க."

"தன்ஷிகா எப்படிக் கீறா? பேசறாளா?"

"எங்க டீச்சர். ஸ்கூல்ல வாயே தொறக்கறதில்லியாம். மிஸ்ஸு கம்ப்ளெய்ன்ட் பண்ணிகினே கீறாங்க. ஏ பி சி டி எழுதி எழுதி வெரல் நோவுதுன்னு ஊட்ல அழுவறா. போவப் போவ சரியாயிடும்ல?"

"ஆயிடும்" என்றாள் சூர்யகலா. ஆகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மதிவதனி மயிலைப் பைக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

பங்குனியில் ஒரு நாள் ராஜவேலுவின் பழைய வைப்புநிதி சம்பந்தமாக ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. சூர்யகலா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் களம்பூர் ஆலைக்குப் போனாள். கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை; நாளை வாருங்கள் என்றார்கள். திரும்பிக் களத்தின் ஓரமாக நடந்து வந்தாள். வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. கூலிப் பெண்கள் வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு போனார்கள். முனியம்மாள் எட்டத்தில் இருந்தாள், பார்க்கவில்லை.

தார்ப்பாய் நிழலில் மோனிஷ் இருந்தான். உடம்பெல்லாம் உமித் தூசு. உமி அரித்துக் கை சிவந்து கீறிப்போயிருந்தது, சொறிந்திருக்கிறான். எடை குறைந்திருப்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவளைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தான்.

"டீச்சர், நாளைக்கி இஸ்கோல் கீதா?"

அவள் அவன் தலையிலிருந்த உமியைத் தட்டினாள். தட்டத் தட்ட உதிர்ந்துகொண்டே இருந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமடா" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவன் நிழலுக்குத் திரும்பிப் போனான்.

அன்று புதன்கிழமை. கிழமைகளை அவனுக்கு அவள் இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.